கல் இல்லை என்றது ரிப்போர்ட்!

முக்கியமான காகிதம் எதுவானாலும் அரிசி டப்பாவுக்கு அடியில் வைப்பது என் பழக்கம். ரேஷன் கார்டு, பால் கணக்கு, சீட்டுக் கட்டின ரசீது... அந்த வரிசையில் 2023 ஏப்ரல் மாதம் ஒரு பழுப்புக் கவரும் போய்ச் சேர்ந்தது. என் வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட். "கல் எதுவும் இல்லையாம்!" என்று வீடே சந்தோஷப்பட்டது. மூன்று வாரம் கழித்து, கைகால் பதற என்னவர் அதே கவரைத் தேடி எடுக்க வேண்டி வந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அன்று பங்குனி மாதத்துக் கடைசி வெள்ளி. வீடு துடைத்துக் கொண்டிருந்தேன். வலது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கமாக 'சுருக்'கென்றது. பிடிப்பு என்று நினைத்து நிமிர்ந்தேன். அவ்வளவுதான்! வலி அப்படியே இடுப்பைச் சுற்றிக் கொண்டு அடிவயிறு, தொடை இடுக்கு வரை இறங்கியது. உட்கார்ந்தால் ஆகவில்லை, படுத்தால் ஆகவில்லை, சுவரைப் பிடித்துக் கொண்டு நடந்தாலும் ஆகவில்லை. நான் இரண்டு பிள்ளை பெற்றவள். பெரியவன் பிறந்தபோது இருபது மணி நேரம் வலி தின்றவள். இருந்தும் சொல்கிறேன், இது வேறு மாதிரி வலி. குடல்வால் வலிக்காரர்கள் அசையாமல் சுருண்டு படுப்பார்களாம். கல் வலிக்காரர்கள் ஓரிடத்தில் நிற்க மாட்டார்களாம். இது பின்னால் தெரிந்து கொண்டது.

"சூட்டு வலிதான் தாயி. அடுப்படியே கதின்னு கிடந்தா வராம என்ன செய்யும்? தொப்புள்ல விளக்கெண்ணெய் வை" என்றார் அத்தை. வைத்தேன். வெந்தயமும் மோரும் குடித்தேன். குடித்த மோர் அப்படியே வெளியே வந்தது. பிறகுதான் தெருக்கோடி டாக்டரம்மாவிடம் போனோம். அவர் ஊசி போட்டார். சிறுநீரைச் சோதித்துவிட்டு, "கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ரத்தம் கலந்திருக்கு. கல்லா இருக்கலாம். ஸ்கேன் எடுத்துட்டு என்கிட்ட வந்து காட்டுங்க" என்று சீட்டு எழுதித் தந்தார். அந்தக் கடைசி வார்த்தையை நான் காதில் போட்டுக் கொண்டேனா என்றால், இல்லை.

ஸ்கேன் நிலையத்தில் கூட்டமான கூட்டம். பாதிப் பேர் கர்ப்பிணிகள். சுவரில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம் என்ற அறிவிப்புப் பலகை. 1994-இல் சட்டம் வந்ததிலிருந்து எல்லா ஸ்கேன் நிலையத்திலும் நாம் பார்க்கிற பலகைதான். "ஒரு லிட்டர் தண்ணி குடிங்க. பை நல்லா முட்டினதும் சொல்லுங்க. பாத்ரூம் போயிடாதீங்க" என்றாள் அங்கிருந்த பெண். குடித்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று, என் முறை வரவில்லை. முட்டிக் கொண்டு வந்தது. கொஞ்சமாகப் போய்விட்டு வந்து விடலாம் என்று எழுந்தேன். கொஞ்சமாகப் போவதெல்லாம் நடக்கிற காரியமா, நீங்களே சொல்லுங்கள்! திரும்பி வந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஜில்லென்று ஒரு ஜெல்லியைத் தடவி, சோப்புக் கட்டி அளவுக்கு ஒரு கருவியை வயிற்றில் வைத்து உருட்டினார் டாக்டர். "மூச்சை இழுத்துப் பிடிங்க... விடுங்க." பக்கவாட்டில் படுக்கச் சொன்னார். கடைசியில் அடிவயிற்றில் வைத்துப் பார்த்துவிட்டு, "யூரின் நிறையலையேம்மா. இன்னும் கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு ஒரு மணி நேரம் வெயிட் பண்றீங்களா?" என்று கேட்டார். சின்னவள் ஸ்கூலிலிருந்து வருகிற நேரம். சாவி என்னிடம். "இருக்கறதை வச்சுப் பாருங்க டாக்டர்" என்று சொல்லி எழுந்து வந்து விட்டேன்.

சாயந்திரம் ரிப்போர்ட் வந்தது. எல்லாம் இங்கிலீஷ். பிளஸ் ஒன் படிக்கிற சின்னவள் படித்தாள். "நோ கால்குலஸ் ஸீன்னு போட்டிருக்கும்மா. கல் தெரியலைன்னு அர்த்தம்." அப்பாடா என்றிருந்தது. "ஆனா ரைட் கிட்னியில மைல்ட் ஹைட்ரோ... ஹைட்ரோநெஃப்ரோசிஸ்னு ஏதோ இருக்கே?" என்று இழுத்தாள். "ஹைட்ரோன்னா தண்ணிதானே! அம்மா அவ்வளவு தண்ணி குடிச்சிட்டுப் போனாள்ல, அதான்" என்றார் என்னவர். எல்லாரும் சிரித்தோம். கடைசி வரியில், பை நிறைந்த நிலையில் மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்ததை யாருமே படிக்கவில்லை. மறுநாள் வலியும் போய்விட்டது. வலி போனபிறகு டாக்டரம்மாவிடம் எதற்குப் போக வேண்டும்? கவர் அரிசி டப்பாவுக்கு அடியில் போயிற்று.

அக்கினி நட்சத்திரம் ஆரம்பித்து இரண்டாம் நாள். ஊரே வெந்து கொண்டிருக்கிறது, எனக்கோ குளிர்! பல் தந்தியடித்தது. இரண்டு கம்பளி போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. காய்ச்சல் 103. வலி கூட அவ்வளவாக இல்லை, வலது பக்கம் ஒரு கனம், அவ்வளவுதான். அத்தை மலேரியாவாக இருக்குமோ என்றார். டாக்டரம்மா வந்து விலாவுக்குப் பின்னால் லேசாகத் தட்டியதும் நான் அலறினேன். "அந்த ஸ்கேன் எடுத்தீங்களா இல்லையா? எங்கே ரிப்போர்ட்?" என்றார். படித்தவரின் முகம் மாறிவிட்டது. "இதை ஏன் என்கிட்ட காட்டலை? உடனே மதுரைக்குக் கிளம்புங்க. காலையில பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, இப்பவே."

ராஜபாளையத்திலிருந்து மதுரைக்குக் காரில் போன அந்த இரண்டு மணி நேரம் எனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்தவுடன் குளுக்கோஸ் ஏற்றினார்கள், மருந்து ஏற்றினார்கள். சிறுநீரகத் துறை டாக்டர் ஒருவர் ஸ்கேன் கருவியைக் கட்டில் பக்கத்துக்கே தள்ளிக் கொண்டு வந்தார். இந்தத் தடவை பை நிறைந்திருந்தது. திரையை என்னவர் பக்கம் திருப்பிக் காட்டினாராம். கறுப்பாக ஒரு ஏரி மாதிரி சிறுநீர்ப்பை. அதன் வலது கரை மூலையில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் பொட்டு. அதற்குப் பின்னால் வால் மாதிரி ஒரு கறுப்பு நிழல். "இதோ உங்க வீட்டம்மாவோட கல்" என்றாராம். பிறகு சி.டி. எடுத்து அளவு பார்த்தார்கள். 7 மில்லிமீட்டர். துவரம்பருப்பை விடக் கொஞ்சம் பெரிசு.

அன்று ராத்திரியே மயக்கம் கொடுத்து, சிறுநீர் வழியாகவே உள்ளே போய், சிறுநீரகத்திலிருந்து பை வரைக்கும் ஒரு மெல்லிய குழாயை வைத்தார்கள். ஸ்டென்ட் என்கிறார்கள். தேங்கிக் கிடந்தது சீழ் கலந்து வடிந்ததாம். கல்லை அன்று தொடவில்லை. கிருமி இருக்கும்போது கல்லை உடைக்கப் போனால் அது ரத்தத்தில் கலந்து ஆளையே கொண்டு போய்விடுமாம். முதலில் வடிய வைத்து, காய்ச்சலை அடக்கி, மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டு, மெல்லிய தொலைநோக்கிக் குழாயை உள்ளே விட்டு, லேசரால் பொடித்து எடுத்தார்கள். உடம்பில் ஒரு கீறல் கிடையாது.

நான்காம் நாள் கொஞ்சம் தெம்பு வந்ததும் அந்த டாக்டரிடம் கேட்டேன். மனசுக்குள் அந்த ஸ்கேன் நிலையத்தின் மேல் கோபம் இருந்தது. "அவங்க ஏன் டாக்டர் கல் இல்லைன்னு எழுதினாங்க?"

அவர் கோபித்துக் கொள்ளவில்லை. "இல்லைன்னு எழுதலையேம்மா. தெரியலைன்னுதான் எழுதியிருக்காங்க" என்றார். "உங்க வீட்டுல பாத்திரம் கழுவற தொட்டியில தண்ணி போகாம நிக்குதுன்னு வைங்க. குழாய்க்குள்ள என்ன அடைச்சிருக்குன்னு கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அதுக்காக அடைப்பே இல்லைன்னு சொல்வீங்களா? தண்ணி நிக்குதே! அந்த ஹைட்ரோநெஃப்ரோசிஸ்தான் நிக்கற தண்ணி. ஸ்கேன் தொட்டியை நல்லாக் காட்டும். குழாயைக் காட்டறதுதான் கஷ்டம்."

சகோதரிகளே, எனக்கு அன்றைக்குத்தான் புத்தி தெளிந்தது. முருங்கைக்காய்ச் சக்கை அடைத்துத் தொட்டியில் தண்ணீர் நின்றால் மறு நிமிஷம் குச்சியை எடுத்துக் குத்துகிறவள், எனக்குள்ளே தண்ணீர் நிற்கிறது என்று எழுத்தில் கொடுத்தும் மூன்று வாரம் சும்மா இருந்திருக்கிறேன். வலி நின்றது அடைப்பு விலகியதால் அல்லவாம். சிறுநீரகம் அந்த அழுத்தத்துக்குப் பழகிப் போய், மெள்ள மெள்ள வேலையைக் குறைத்துக் கொள்ளுமாம். வலியே இல்லாமல் ஒரு சிறுநீரகம் வீணாய்ப் போனவர்களும் உண்டு என்று அவர் சொன்னபோது எனக்குத் தூக்கி வாரிப் போட்டது.

அதன் பிறகு அவர் ரவுண்ட்ஸ் வரும்போதெல்லாம் நான் ஏதாவது கேட்பேன். அவரும் சலிக்காமல் சொல்வார்.

ஸ்கேன் என்பது எக்ஸ்ரே மாதிரி கதிர் இல்லையாம், வெறும் ஒலிதானாம். நம் காதுக்கு வினாடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். இந்தக் கருவி அனுப்புகிற ஒலி வினாடிக்கு 20 லட்சம், 50 லட்சம் அதிர்வு. அது உள்ளே போய், பட்ட இடத்தில் எதிரொலித்துத் திரும்பி வருவதைத்தான் படமாக்குகிறார்கள். தண்ணீரில் எதிரொலி இல்லை, அதனால் கறுப்பு. கல்லில் 'டமார்' என்று மோதித் திரும்புவதால் வெள்ளை. ஒலி கல்லைத் தாண்டிப் போக முடியாததால் பின்னால் நிழல். நடுவில் துளி காற்று இருந்தாலும் ஒலி உள்ளே போகாது, அதற்குத்தான் அந்த ஜெல்லி. 1950-களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் அயன் டொனால்ட் என்ற பிரசவ டாக்டர், தொழிற்சாலையில் இரும்புக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் கருவியைக் கொண்டு பெண்களின் வயிற்றுக் கட்டிகளைச் சோதித்துப் பார்த்தாராம். அவர்கள் 1958-இல் அதைப் பற்றி எழுதியதுதான் இதற்கெல்லாம் பெரிய ஆரம்பம். இரும்புச் சோதனைக் கருவி இன்றைக்கு நம் வயிற்றில்!

காற்றுதான் இந்த ஒலிக்கு எதிரி. சிறுநீரகத்திலிருந்து பைக்கு வருகிற குழாய் 25, 30 சென்டிமீட்டர் நீளம். உள்வழி மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். அதன் நடுப்பகுதி முழுக்கக் குடலுக்குப் பின்னால் ஒளிந்து கொண்டிருக்கிறது. குடல் நிறைய காற்று. அதனால் குழாயில் இருக்கிற கற்களில் பாதிக்குப் பாதி சாதாரண ஸ்கேனில் தப்பி விடலாம். குழாயின் மேல் முனையும் கீழ் முனையும் ஓரளவு தெரியும். கல் அதிகமாகச் சிக்குவது கீழ் முனையில்தான், அதுதான் இருப்பதிலேயே குறுகலான இடம். அது பைக்குப் பின்னால் இருக்கிறது. பை நிறைந்திருந்தால் அந்தத் தண்ணீரே ஜன்னல் மாதிரி, வழியாக எட்டிப் பார்க்கலாம். பை காலியென்றால் ஜன்னலைச் சாத்தின மாதிரி. நான் சாத்திவிட்டு வந்தேன், பாருங்கள்!

"அப்ப நேரா சி.டி.யே எடுத்துடலாமே?" என்று என்னவர் கேட்டார். சி.டி.யில் அநேகமாக எந்தக் கல்லும் தப்பாது, ஆனால் கதிர் உண்டு. கல் வந்தவர்களுக்கு மறுபடி மறுபடி வரும், ஒவ்வொரு தடவையும் கதிர் என்றால் எங்கே போய் முடிவது? 2014-இல் அமெரிக்காவில் 15 ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவுகளுக்குக் கல் வலி என்று வந்த 2,759 பேரை வைத்து ஆராய்ந்து வெளியிட்டார்களாம். முதலில் ஸ்கேன் பார்த்து, தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் சி.டி. எடுத்ததில் கதிர் அளவு குறைந்தது. ஆபத்தான நோய் எதுவும் அதனால் கூடுதலாகத் தவறிப் போகவில்லை. சில கற்கள், யூரிக் அமிலக் கல் என்பார்கள், எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது, ஆனால் ஸ்கேனில் தெரியும். ஆக ஸ்கேனைக் குறை சொல்லி லாபமில்லை. ரிப்போர்ட்டை எழுதச் சொன்ன டாக்டரிடமே கொண்டு போய்க் காட்ட வேண்டும். அதுதான் நான் செய்யாதது.

இன்னொன்றும் சொன்னார். ஸ்கேனில் சின்னக் கல்லின் அளவு கொஞ்சம் கூடுதலாகவே தெரியுமாம். 6 என்று போட்டிருந்தால் 4, 5 ஆகவும் இருக்கலாம். 5 மில்லிமீட்டருக்குள் இருக்கும் கல் மூன்று பேரில் இரண்டு பேருக்குத் தானாக இறங்கி விடும். அதனால் அளவைப் பார்த்துப் பயந்து போகவும் வேண்டாம். ஆனால் கல் வலியோடு குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீரே போகாமல் நின்றாலோ அளவெல்லாம் பார்க்கிற பேச்சே இல்லை, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி.

ஸ்டென்ட் வைத்துக் கொண்டவர்கள் இதைக் கவனியுங்கள். எடுக்க வேண்டிய தேதியை என் கையில் அட்டையாகக் கொடுத்தார்கள். வலி போய்விட்டது என்று அப்படியே மறந்து வருஷக்கணக்கில் உள்ளே விட்டு, அதன் மேலேயே கல் படிந்து வருகிறவர்கள் உண்டாம். அந்த அட்டையை நான் டப்பாவுக்கு அடியில் வைக்கவில்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் காலண்டரில் குத்தி வைத்தேன்.

போன வருஷம் நாத்தனார் மகளுக்கு ஏழாம் மாதம். வலது இடுப்பில் வலி. "கல்லா இருந்துடப் போகுது" என்று நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். "வயித்துப் புள்ளக்காரிக்கு எத்தனை ஸ்கேன்?" என்று வீட்டில் பெரியவர்கள் தயங்கினார்கள். கதிர் இல்லாததால் கர்ப்பிணிக்கு முதலில் பார்க்கச் சொல்வதே இந்த ஸ்கேனைத்தான். கூடப் போனேன். வலது சிறுநீரகம் கொஞ்சம் வீங்கியிருந்தது. எனக்கு உயிரே போயிற்று. "பயப்படாதீங்க. கர்ப்பப்பை பெரிசாகிக் குழாயை அழுத்தறதால நிறைய பேருக்கு இப்படி இருக்கும். வலது பக்கம்தான் அதிகம்" என்றார் அந்த டாக்டர். பிறகு கலர் வைத்து, பைக்குள் சிறுநீர் பீய்ச்சி விழுவதைக் காட்டினார். இடது பக்கம் குபுக்கென்று செவ்வொளி. வலது பக்கம் காணோம். அவளை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்துக் காத்திருந்தார். சில நிமிஷத்தில் வலது பக்கமும் பீய்ச்சியது. "முழுசா அடைச்சுக்கலை. மறு வாரம் வாங்க" என்று அனுப்பினார். இடது பக்கமே படுத்து, தண்ணீர் குடித்து, வலி அடங்கிவிட்டது. பெண் குழந்தை, மூன்று கிலோ.

சாப்பாட்டு விஷயம் கேட்பீர்கள். என்னுடையது கால்சியம் ஆக்ஸலேட் கல் என்று சோதித்துச் சொன்னார்கள். உடனே அத்தை என் காபியிலிருந்து பாலை நிறுத்திவிட்டார். "பால்ல இருக்கிற சுண்ணாம்புதானே கல்லாகுது!" டாக்டர் தலையில் அடித்துக் கொள்ளாத குறை. சாப்பாட்டில் இருக்கிற கால்சியம்தான் ஆக்ஸலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியே தள்ளுகிறது, பாலும் மோரும் அளவாகக் கட்டாயம் வேண்டும் என்றார். குறைக்க வேண்டியது உப்பை. ஊறுகாய், அப்பளம், கருவாடு... மூன்றும் என் உயிர்! பாலக் கீரையை அடிக்கடி செய்ய வேண்டாம், எலுமிச்சை ஜூஸ் நல்லது என்றார். வாழைத்தண்டு வாரம் இரண்டு நாள் செய்கிறேன், எனக்குப் பிடிக்கும் என்பதால். அடைத்த 7 மில்லிமீட்டர் கல்லை அது தள்ளிவிடும் என்று நம்பி உட்கார முடியாது.

எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீர். ஒரு நாளைக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குக் குடிக்க வேண்டுமாம். நான் எவ்வளவு குடித்துக் கொண்டிருந்தேன் என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. காலையில் காபி, மத்தியானம் ரசம் மோர், அதோடு சரி. வெளியூர் போனால் சொட்டுத் தண்ணீர் இறங்காது. பஸ் ஸ்டாண்டு கக்கூஸை நினைத்தாலே வாய் தானாக மூடிக்கொள்ளும். கல்யாண வீடென்றால் பட்டுப் புடவையைத் தூக்கிச் செருக வேண்டுமே என்று காலையிலிருந்து சாயந்திரம் வரை அடக்கிக் கொண்டே இருப்போம். நம்மில் யார் செய்யாதது? இப்போது அடுப்பு மேடையில் ஒரு பித்தளைச் சொம்பு. காலை, மத்தியானம், ராத்திரி என்று அது மூன்று தடவை காலியாக வேண்டும், வெயில் நாளில் நான்கு. சிறுநீர் இளமஞ்சளாக இருக்கிறதா என்று பார்த்துக் கொள்கிறேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். சென்ற தடவை போனபோது சின்னவளிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, என்னவரையும் கூட்டிக் கொண்டு சாவகாசமாகப் போனேன். முட்ட முட்டத் தண்ணீர் குடித்து, பல்லைக் கடித்துக் கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் இவர் வாசலிலேயே நின்று, கண்ணாடியை மாட்டிக் கொண்டு, கடைசி வரி வரைக்கும் எழுத்துக் கூட்டிப் படித்தார். "ஹைட்ரோ எங்கேயும் இல்லை" என்றார். "சரி, டாக்டரம்மா கிளினிக் ஏழு மணி வரைக்கும் இருக்கும், நடங்க" என்றேன்.